மரங்களுக்கும் பிறப்புச் சான்று வேண்டும்

மே மாதம் வந்தால் உதகைக்கு ஏறும் வண்டிகளில் பாதி, அரசு தாவரவியல் பூங்காவின் வாசலில்தான் போய் நிற்கும். மலர்க் காட்சிக்காக ஆயிரக்கணக்கான பூந்தொட்டிகளை மாடத்தில் அடுக்கியிருப்பார்கள். கார்னேஷன், ரோஜா என்று கொய்மலர்களைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அரண்மனையாகவும் யானையாகவும் கட்டி நிறுத்தியிருப்பார்கள். அமைச்சர் வந்து தொடங்கிவைப்பார். மறுநாள் நாளிதழ்களில் வண்ணப்படம் வரும். 1896-ல் தொடங்கிய அந்தக் காட்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விடுதிக்காரர் முதல் வர்க்கி விற்பவர் வரை நீலகிரியில் பலருக்கு அந்த ஒரு மாத வருமானம்தான் மழைக்காலத்தைத் தள்ளக் கையிருப்பு.

என் ஆதங்கம் வேறு. பூந்தொட்டி மாடத்தைத் தாண்டிச் சரிவில் ஏறினால் தக்கை மரம் நிற்கிறது, காகிதம்போலப் பட்டை உரியும் மரம் நிற்கிறது, குரங்குகூட ஏறத் தயங்கும் என்று வழிகாட்டிகள் காட்டும் மரம் நிற்கிறது. ஒவ்வொன்றும் வேறொரு கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. பெரும்பாலான மரங்களின் அடியில் உள்ள பலகை சொல்வது மூன்றே செய்திகள்: தாவரவியல் பெயர், குடும்பம், தாயகம். எந்த ஆண்டு நட்டார்கள், விதை யார் கையால் வந்தது, உடன் வந்தவற்றில் எத்தனை பட்டுப்போயின என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. அதே பூங்காவில் கல்லாகிப்போன ஒரு மரத்தண்டு கிடக்கிறது. அதற்கு வயது இரண்டு கோடி ஆண்டுகள் என்று எழுதி வைத்திருக்கிறோம். எல்லோரும் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். செத்துக் கல்லான மரத்துக்கு வயது உண்டு, உயிரோடு நிற்கும் மரத்துக்கு இல்லை என்பதுதான் நம் நிலவரம்.

தாவரவியல் பூங்காவுக்கும் ஊர்ப் பூங்காவுக்கும் உள்ள வேறுபாடு மரங்களின் எண்ணிக்கையிலோ பரப்பளவிலோ இல்லை. பதிவேட்டில் இருக்கிறது. எந்தச் செடி, எந்தக் காட்டிலிருந்து, எந்த நாளில், யாரால் எடுத்து வரப்பட்டது என்று எழுதி வைத்த இடம்தான் தாவரவியல் பூங்கா. அந்தப் பிறப்புச் சான்று தொலைந்தால் மரம் மிஞ்சும். அறிவியலும் வரலாறும் போய்விடும். தமிழ்நாட்டின் பழம்பெரும் பூங்காக்களில் நாம் காப்பாற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் மரத்தை மட்டும்தான்.

இத்தாலியின் படுவா நகரில் 1545-ல் அமைத்த தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் அசல் மூலிகையையும் போலியையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பல்கலைக்கழகம் அமைத்தது அது. அங்கே ஒரு பனைவகை மரம் உண்டு. நட்ட ஆண்டு 1585. ஜெர்மானியக் கவி கதே 1786-ல் அதன் முன்னால் நின்று, அடியிலுள்ள இலைக்கும் நுனியிலுள்ள இலைக்கும் உள்ள உருவ வேறுபாட்டைப் பார்த்தார். தாவர உறுப்புகள் ஒன்றிலிருந்து ஒன்றாக உருமாறுவதைப் பற்றி அவர் 1790-ல் வெளியிட்ட நூலுக்கு அந்தப் பயணம் ஒரு தூண்டுதல். மரத்துக்கு அவர் பெயரையே வைத்துக் கண்ணாடி வீடு கட்டிக் காத்துவருகிறார்கள். 1997-ல் யுனெஸ்கோ அந்தத் தோட்டத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா 2003-லும் சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 2015-லும் சேர்ந்தன. இந்தியாவின் எந்தத் தாவரவியல் பூங்காவுக்கும் தனியாக அந்த இடம் கிடைக்கவில்லை. பட்டியலில் இடம்பிடிப்பதே பெருமை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் முதலில் கேட்கும் ஆவணம் நம்மிடம் மேசைமேல் இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி.

காய்கறியில் தொடங்கிய கதை

உதகைப் பூங்கா பிறந்தது அறிவியல் தாகத்தால் அல்ல, காய்கறித் தட்டுப்பாட்டால். 1840-களில் மலையேறிக் குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்களுக்கு வேண்டிய காய்கறிகளை விளைவிக்க ஒரு தோட்டம் போட்டார்கள். அது ஓடவில்லை. பிறகு சென்னை ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபுவின் ஆதரவோடு முறையான தோட்டமாக்கும் முயற்சி தொடங்கியது. கியூவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-ல் வந்து சேர்ந்தார். தொட்டபெட்டாவின் சரிவில் மேலே காடு, கீழே சதுப்பு. அதை வெட்டித் திருத்தி, நீர் வடித்து, அடுக்கடுக்காகப் பாத்தி கட்டி இன்றைய 55 ஏக்கர் வடிவத்துக்குக் கொண்டுவர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தோட்டத்தின் மேல் விளிம்பில் தோடர்களின் குடியிருப்பான மந்து ஒன்று இன்றும் இருக்கிறது. தோட்டம் வருவதற்கு முன்பே மலை தோடர்களுடையது என்பதை நினைவூட்ட அது ஒன்றே போதும். அங்கும் பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

மெக்ஐவரின் பெயர் உலகத் தாவரவியலில் நிலைத்ததற்குக் காரணம் சிங்கோனா. மலேரியாவுக்கு அன்றிருந்த ஒரே மருந்தான கொய்னா, ஆண்டீஸ் மலைகளில் வளரும் அந்த மரத்தின் பட்டையில்தான் இருந்தது. வெப்ப நாடுகளில் படையையும் நிர்வாகத்தையும் நடத்த வேண்டிய பிரிட்டனுக்குக் கொய்னா துப்பாக்கி மருந்தைவிட அவசியம். தென் அமெரிக்க அரசுகள் செடியையும் விதையையும் வெளியே விடவில்லை. கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை 1859-ல் அனுப்பி, அதைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் மண்ணோடு அடைத்துக் கப்பலேற்றிய அவருடைய செடிகளில் பெரும்பாலானவை செங்கடல் வெப்பத்திலும் அலைச்சலிலும் போய்விட்டன. ரிச்சர்ட் ஸ்புரூஸும் ராபர்ட் கிராஸும் ஈக்வடாரிலிருந்து சேகரித்து அனுப்பிய கன்றுகளும் விதைகளும் உதகையில் பிழைத்தன. மெக்ஐவர் அவற்றை ஒன்றைப் பத்தாக்கி, பத்தை ஆயிரமாக்கி, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களாக வளர்த்தார்.

அவர் கண்டுபிடித்த ஒரு முறையைச் சொல்ல வேண்டும். பட்டைக்காக மரத்தையே வெட்டுவதுதான் ஆண்டீஸ் வழக்கம். மெக்ஐவர் மரத்தை வெட்டாமல், பட்டையைக் கீற்றுக் கீற்றாக, ஒரு கீற்று விட்டு ஒரு கீற்றாக உரித்தார். உரித்த காயத்தின்மேல் ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். பாசிக்கு அடியில் புதுப்பட்டை வளர்ந்தது. சோதித்துப் பார்த்தபோது பழைய பட்டையைவிட அதில் மருந்துச் சத்து கூடுதலாக இருந்தது. மறுமுறை விட்டுவைத்த கீற்றை உரித்தார்கள். ஒரே மரம் திரும்பத் திரும்ப விளைச்சல் தந்தது. பாசிக்கு நீலகிரியில் பஞ்சமா? மலையின் ஈரத்தையே கருவியாக்கிய கெட்டிக்காரத்தனம் அது. பட்டையின் வேதியியலை ஆராய ஜான் பிரௌட்டன் என்ற வேதியியலாளரை 1866-ல் அரசு நியமித்தது. அவருக்கும் மெக்ஐவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை. தோட்டக்காரருக்கும் ஆய்வாளருக்கும் உள்ள அந்த உரசல் இன்றைய அலுவலகங்களிலும் ஓயவில்லை.

இதே கதைக்கு மறுபக்கம் உண்டு. சிங்கோனாவைக் காட்டில் அடையாளம் காட்டியவர்கள் ஆண்டீஸ் பழங்குடி மக்கள். பொலிவியாவில் மானுவேல் இன்க்ரா மமானி என்பவர் சேகரித்த உயர்வகை விதைகளை சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் லண்டனுக்கு அனுப்ப, பிரிட்டன் கைவிரித்தது. டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் விதைத்து உலகச் சந்தையையே பிடித்துக்கொண்டார்கள். மமானியைப் பொலிவிய அதிகாரிகள் சிறையில் அடித்துச் சித்திரவதை செய்தார்கள். அந்தக் காயத்திலேயே அவர் இறந்தார். நடுவட்டத்தில் சிங்கோனா நடவுக்குக் காடு திருத்தியவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள். சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடமில்லாமல் சென்னை மாகாணத்துக்கு நாடு கடத்தப்பட்டவர்கள் அவர்கள். விடுதலையான சிலர் மலையிலேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறியும் காபியும் பயிரிட்டு வாழ்ந்ததை இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் அஞ்சலகங்களில் காலணாப் பொட்டலமாக விற்ற கொய்னாவைக் காய்ச்சலுக்குக் கரைத்துக் குடித்த நம் பாட்டன்மாருக்கு, அந்தக் கசப்புக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்தது தெரியாது. நமக்காவது தெரிய வேண்டும் அல்லவா? பூங்காவில் இதைச் சொல்ல ஒரு கூடம் போதும்.

வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தைக் கட்டுக்கதை பிடித்துக்கொள்ளும். பூங்காவிலுள்ள இத்தாலியத் தோட்டத்தை முதல் உலகப் போரின் இத்தாலியக் கைதிகள் அமைத்தார்கள் என்று சுற்றுலாக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இத்தாலி அந்தப் போரில் 1915 முதல் பிரிட்டனின் கூட்டாளி. கூட்டாளி நாட்டு வீரர்களை எப்படிக் கைதியாக்கி மண் சுமக்க வைத்திருப்பார்கள்? பள்ளிப் பாடப்புத்தகம் படித்தவர்க்கே எழும் இந்தச் சந்தேகம், அச்சிட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு எழவில்லை. சரிபார்க்கப் பதிவேடு கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை.

தரங்கம்பாடியும் வேப்பேரியும்

தமிழ்நாட்டுத் தாவரவியலின் வேர் மலையில் இல்லை, கடற்கரையில் இருக்கிறது. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அவர் வழியில் அங்கிருந்த மிஷனரிகள் செடி சேகரித்து, உலர்த்தி, ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். நம் குளத்தங்கரையிலும் வரப்போரத்திலும் முளைக்கும் எத்தனையோ செடிகளுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது இந்த வழியில்தான். அவர்களில் யோஹான் பீட்டர் ராட்லர் 1776-ல் வந்து, தரங்கம்பாடியிலும் பிறகு சென்னை வேப்பேரியிலுமாக 60 ஆண்டுகள் இருந்து, 1836-ல் இங்கேயே மறைந்தார். ஒரு கையால் செடிகளைத் தாளில் ஒட்டினார், மறு கையால் தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தார். அகராதி நம் நூலகங்களில் இருக்கிறது. செடித்தாள்கள் கை மாறி மாறிக் கடைசியில் கியூ சேர்ந்தன.

ராபர்ட் வைட்டின் கதையும் அப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த அவர், 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2,101 தாவரப் படங்கள் உள்ளன. முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து என்ற இரு தெலுங்கு ஓவியர்கள் அவருக்காக வரைந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் வெறும் அலங்காரப் பூ ஓவியம் என்று தள்ள முடியாது. பக்கத்தின் நடுவில் கிளை. கீழே வரிசையாக, மொட்டைப் பிளந்த தோற்றம், மகரந்தப் பை, சூலகத்தின் குறுக்குவெட்டு, விதை. கடுகளவு உறுப்பை உருப்பெருக்கியில் பார்த்துத் தூரிகையில் கொண்டுவந்திருக்கிறார்கள். கோயில் சுவரும் அரண்மனைப் படமும் வரைந்த மரபுக்காரர் கை, புதிய அறிவியலுக்குப் பழகிய விதம் அந்தக் குறுக்குவெட்டுகளில் தெரிகிறது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே வைத்தார். வகைப்பாடு மாறி அந்தப் பேரினம் இன்று வேறொன்றில் கலந்துவிட்டது. மூல ஓவியங்கள் பெரும்பாலும் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து, அச்சிட்டு, ரங்கையாவுக்கும் கோவிந்துவுக்கும் உரிய மரியாதை செய்தவர்களும் அவர்கள்தான். வைட் முன்னின்று உழைத்த சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது 1835-ல். அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அந்த வட்டாரத்தைக் கடந்துபோகும் லட்சம் பேரில் ரங்கையாவின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

கேரளம் இதில் நமக்கு முன்னால் போய்விட்டது. டச்சு ஆளுநர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் லத்தீனில் வெளியிட்ட மலபார் தாவர நூலை, பேராசிரியர் கே.எஸ்.மணிலால் தன் வாழ்நாளைக் கொடுத்து ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்தார். அந்த நூலுக்கு மூலிகை அறிவைத் தந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் பெயர் இன்று அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டில் இப்படி ஓர் உழைப்பு என்றால் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்தை உருவாக்கி, தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் தொகுத்த அருட்தந்தை கே.எம்.மேத்யூவைத்தான் சொல்ல வேண்டும். அவர் நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் கொண்டுவர எந்தப் பல்கலைக்கழகமும் துணியவில்லை.

காய்ந்த செடியால் என்ன பயன்?

அதிகாரிகளிடம் உலர்தாவரத் தொகுப்பகம் பற்றிப் பேசினால் எழும் முதல் கேள்வி இது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கிய நோயுயிரி எந்த வகை என்பது 2013-ல்தான் உறுதியானது. எப்படி? அந்தக் காலத்தில் நோய்பட்ட இலையை யாரோ பறித்து, நாளும் இடமும் எழுதி, தாளில் ஒட்டி வைத்திருந்தார்கள். கியூவிலும் மியூனிக்கிலும் இருந்த அந்த இலைகளிலிருந்து மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். இலையை ஒட்டியவர் காலத்தில் மரபணு என்ற கருத்தே பிறக்கவில்லை. தனக்குத் தெரியாத கேள்விக்கு விடை சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இலங்கையின் பேராதனைப் பூங்காவும் அத்தகைய சாட்சிதான். 1821-ல் அலெக்சாண்டர் மூன் பொறுப்பில் அங்கே தொடங்கிய தோட்டம், மூன்றே ஆண்டில் தீவின் தாவரப் பட்டியலை அச்சிட்டது. 1869-ல் காப்பி இலையில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்தபோது, பூங்காவின் தலைவர் த்வெயிட்ஸ் நோய்பட்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்; பூஞ்சைக்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. இருபது ஆண்டுக்குள் இலங்கைக் காப்பி அழிந்து தேயிலை எழுந்தது. காப்பித் தோட்டத்துக்கு நடந்தே போய் வந்துகொண்டிருந்த தமிழ்த் தொழிலாளிகள், ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டிய தேயிலைக்காக லயன் அறைகளில் குடும்பத்தோடு தங்கியது இந்த ஒரு பூஞ்சையால். மலையகத் தமிழர் வரலாற்றை எழுதுபவர்கள் பேராதனையின் பழைய ஆண்டறிக்கைகளையும் புரட்ட வேண்டும். அங்கே தலைவராக இருந்த ஹென்றி ட்ரைமன் எழுதிய தாவரக் கையேட்டில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் இருக்கும். 1890-களில் ஓர் ஆங்கிலேயருக்கு அது அவசியம் என்று தோன்றியிருக்கிறது.

சிங்கப்பூரைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக முடியாது. பிரேசிலிலிருந்து 1876-ல் ஹென்றி விக்கம் கொண்டுவந்த எழுபதாயிரம் ரப்பர் விதைகளில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-ல் பூங்காவுக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வடிக்கும் கீறல் முறையை வகுத்தார். தோட்ட முதலாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் விதையைக் கையில் திணித்ததால் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார். அந்தப் பைத்தியம் பலித்ததும் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். 1942-ல் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்தபோது, பூங்காவின் ஆங்கிலேய ஆய்வாளர்களும் ஜப்பானியப் பேராசிரியர்களும் சேர்ந்தே தொகுப்பையும் நூலகத்தையும் கொள்ளை போகாமல் காத்தார்கள். வெளியே போர் நடக்க, உள்ளே எதிரிகள் ஒரே மேசையில் செடித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மறுபுறம், 1943 மார்ச் தொடக்கத்தில் பெர்லின் தொகுப்பகத்தின்மேல் விழுந்த குண்டுகள் லட்சக்கணக்கான மாதிரிகளைச் சாம்பலாக்கின. அவற்றில் பல, ஓர் இனத்துக்கு முதன்முதல் பெயரிட ஆதாரமான மூல மாதிரிகள். அந்த இழப்பின் சிக்கல் உலகத் தாவரவியலில் இன்னும் தீரவில்லை. நாம் போரும் குண்டும் இல்லாமலே, கரையானையும் ஈரத்தையும் விட்டு அதைச் செய்துகொள்ள முடியும்.

உயிருள்ள தொகுப்புக்கும் இதே மதிப்பு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஆற்றங்கரை ஒன்றில் மட்டும் இருந்த பிராங்க்ளினியா என்ற மரத்தைக் காட்டில் கடைசியாகப் பார்த்தது 1803-ல். இன்று உலகெங்கும் உள்ள பிராங்க்ளினியா மரங்கள் அத்தனையும் பிலடெல்பியாவில் பார்ட்ரம் குடும்பத்தார் தோட்டத்தில் வளர்த்தவற்றின் வாரிசுகள். ஒரு தோட்டம் ஓர் இனத்தைக் காப்பாற்றியது. நீலகிரியின் சோலை மரங்களுக்கு அப்படியொரு காப்பு நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். உதகைப் பூங்கா அயல் மரங்களின் அருங்காட்சியகமாகத் தொடங்கியது சரி. அடுத்த நூறு ஆண்டும் அப்படியே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பூங்காக்கள் செய்த கேட்டையும் சொல்லியாக வேண்டும். இன்று முதுமலை முதல் சத்தியமங்கலம் வரை காட்டை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. நீலகிரிப் புல்வெளிகளை விழுங்கிய சீகை மரமும், மஞ்சள் பூப் புதர்களும் விறகுக்கும் வேலிக்கும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தவை. தோடர்களின் எருமை மேய்ந்த புல் போனது இவற்றால். இவற்றை அகற்ற உயர் நீதிமன்றமே உத்தரவிடும் நிலை வந்திருக்கிறது. எந்தச் செடி எந்த ஆண்டு, எந்த வழியில் வந்தது, எத்தனை ஆண்டு அடங்கி இருந்துவிட்டுப் பிறகு பரவியது என்பதைச் சொல்லும் ஒரே சான்று பழைய தோட்டப் பதிவுகள்தான். நோயின் தொடக்கம் தெரியாமல் வைத்தியம் பார்ப்பது எப்படி?

மரத்தடியில் நடக்கும் லட்சம் கால்கள்

கியூவில் 1798-ல் நட்ட டர்னர் ஓக் என்ற மரம் 1980-களில் சோர்ந்து, இலை குறைந்து, சாகக் காத்திருந்தது. 1987 அக்டோபரில் வீசிய பெரும்புயல் ஏறத்தாழ 700 மரங்களை அங்கே சாய்த்தது. டர்னர் ஓக்கையும் வேரோடு தூக்கி, அப்படியே திரும்ப உட்கார வைத்துவிட்டுப் போனது. முட்டுக் கொடுத்துவிட்டு, எப்படியும் வெட்ட வேண்டியதுதானே என்று ஊழியர்கள் மற்ற வேலைகளைப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மரம் புதுத் துளிர் விட்டுச் செழித்திருந்தது. காரணம் எளிது. நூற்றாண்டாகப் பார்வையாளர் கால் பட்டு இறுகிய மண்ணைப் புயல் ஒரே உலுக்கில் நெகிழ்த்திவிட்டது. வேருக்குக் காற்றும் நீரும் போயின. அதைக் கண்ட பிறகு, காற்றை அழுத்தத்தோடு மண்ணுக்குள் செலுத்தி இறுக்கத்தைத் தளர்த்தும் முறையைப் பழைய மரங்களுக்குச் செய்யத் தொடங்கினார்கள்.

உதகையில் ஒவ்வொரு கோடையிலும் லட்சக்கணக்கான கால்கள் பூங்காவில் ஏறி இறங்குகின்றன. புல்வெளிக்கு ஓய்வு கொடுக்கிறோம். மலர்க் காட்சிக்கு முன் கயிறு கட்டி மூடுகிறோம். பெரிய மரங்களின் வேர்ப்பரப்புக்கு அந்த ஓய்வு வேண்டாமா? எந்த மரத்தின் சுற்றளவு பத்தாண்டில் எவ்வளவு கூடியது, எந்தக் கிளை எந்த ஆண்டு பட்டது என்று எழுதி வைத்தால்தான் மரம் சோர்கிறதா என்பதே தெரியும். மரம் விழுந்த பிறகு அறிக்கை எழுதுவதில் நாம் கெட்டிக்காரர்கள்.

வெள்ளைக்காரன் தன் லாபத்துக்குப் போட்ட தோட்டத்தை நாம் ஏன் பாரம்பரியம் என்று கொண்டாட வேண்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள். திட்டம் அவனுடையது, மண் வெட்டியதும், நாற்று நட்டதும், பட்டை உரித்ததும், பாசி வைத்துக் கட்டியதும் இங்குள்ள கைகள். இந்தத் தோட்டத்தை நம்முடையது அல்ல என்று தள்ளினால் அந்தக் கைகளையும் சேர்த்துத் தள்ளுகிறோம். களவும் உழைப்பும் அறிவும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் இடங்களை அப்படியே, மூன்றையும் மறைக்காமல் வைத்திருப்பதுதான் வளர்ந்த சமூகத்துக்கு அழகு.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. உதகை, குன்னூர் சிம்ஸ் பூங்கா, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா மூன்றையும் நடத்துவது தோட்டக்கலைத் துறை. காய்கனி, மலர்ச் சாகுபடியில் அத்துறைக்கு அனுபவம் உண்டு. வகைப்பாட்டியல் அதன் வேலை அல்ல. அந்த வேலை தெரிந்த இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையமும், மாகாணக் காலத்திலிருந்து சேர்த்த உலர்தாவரத் தொகுப்பும் கோவையில் இருக்கின்றன. உதகைக்கும் கோவைக்கும் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஒன்று மாநிலம், மற்றொன்று மத்திய அரசு என்பதால் இரண்டும் சேர்ந்து உட்கார முடியாது என்றால் அது நகைப்புக்குரியது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசாணைகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. சிங்கோனா தோட்ட அறிக்கைகள் அச்சிலேயே கிடைக்கின்றன. இரண்டு ஆய்வு மாணவர்களை மூன்று ஆண்டு உட்கார வைத்தால் உதகையின் பெரிய மரங்களில் கணிசமானவற்றுக்குச் சான்று எழுதிவிடலாம். செலவு? நுழைவுக் கட்டணத்தில் ரூபாய்க்கு ஐந்து பைசா ஒதுக்கினாலே தாராளம். பதிவேட்டைத் தமிழில் அச்சிட்டு வாசலில் விற்கட்டும். மரத்தடிப் பலகையில் நட்ட ஆண்டும் வந்த வழியும் ஏறட்டும். நட்ட ஆண்டு ஆவணத்தில் கிடைக்காவிட்டால் அதையும் ஒளிக்காமல் எழுதட்டும்.

இதில் ஒரே ஒரு வேலைக்குத்தான் அவசரம். ஆவணக் காப்பகத் தாள்கள் இன்னும் சில ஆண்டு காத்திருக்கும். எந்த மரம் எந்த மாதம் காய்க்கும், எந்த விதையை எத்தனை நாள் ஊறவைத்தால் முளைக்கும், பழைய கண்காணிப்பாளர் எந்த மூலையில் எதை நட்டார் என்பதைத் தலைமுறை தலைமுறையாக மனத்தில் வைத்திருக்கும் தோட்டப் பணியாளர்கள் காத்திருக்க மாட்டார்கள். தினக்கூலியாகச் சேர்ந்து அங்கேயே நரைத்தவர்கள் அவர்கள்; ஆண்டுதோறும் சிலர் வேலையை விட்டுப் போகிறார்கள். தோட்டக்கலைத் துறை அவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு மரமாகக் காட்டிச் சொல்ல வைத்து, ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு அரசாணையும் வேண்டாம், புது நிதியும் வேண்டாம். இந்த மழைக்காலத்திலேயே தொடங்கலாம்.